கானல்வாய் ஊரார் மூடிவைத்த மழை

மங்கலம் நிறைக, மாரி வழங்குக.

ஏழாறும் வணங்கிச் செல்லும் புனல்வாயில் மாநகரத்து அன்னமாளிகையில் அரியணை அமர்ந்து, வெள்ளத்தில் கரையையும் வறட்சியில் குடியையும் காத்தருளும் உடையபிராட்டியார், எங்கள் அக்கை எழினிமாதேவியார் திருமுன்பு, தேவரீரின் தம்பியும் தென்வெளிப் படைத்தலைவனுமாகிய இளவேள் கொற்றங்கோ, கானல்வாய் என்னும் மணல்நாட்டுச் சிற்றூரிலிருந்து தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. தேவரீரின் ஆறுகள் கரை மீறாது ஓடுக; களஞ்சியங்கள் கதவு கொள்ளாது நிறைக; பனிக்காலந்தோறும் தேவரீரைத் தேடிவரும் முழங்கால் வலி இவ்வாண்டு வழிதவறிப் போகுக. இங்கு யானும் என் வீரரும் நலம். மூக்கின் தோல் மட்டும் உரிந்துவிட்டது. அதுகூட முன்னைவிட அழகாயிருப்பதாக இவ்வூரார் சொல்கின்றனர்.

முதற்கண் ஒன்றை மறையாது சொல்லிவிடுகிறேன். தேவரீர் இட்ட ஆணையை யான் நிறைவேற்றவில்லை. மூவாண்டாகக் கானல்வாயில் மழைத்துளி விழவில்லை என்று மழைக்கணக்கர் பூதங்குடையார் ஓலைமேல் ஓலை எழுதினார். குடிநீரின்றி ஒரு குழந்தையும் மாளலாகாது என்று சொல்லித் தேவரீர் உண்ணாமல் எழுந்ததை யான் அருகிருந்து கண்டேன். உப்புவண்டிகள் வடக்கே புறப்படுமுன் இவ்வூர்க் குடிகள் அனைவரையும் ஆற்றங்கரைக்குக் குடிபெயர்த்து, எவரும் திரும்பி வாராதபடி ஊரின் நீர் நிலவறைகளை மணலால் தூர்த்துவிட வேண்டும் என்னும் ஆணை அந்த அன்பில் பிறந்தது. அதை அறிந்தே வந்தேன். குடிகளை ஏற்றும் வண்டிகளும் வந்து ஊர் எல்லையில் நிற்கின்றன. ஆயினும் ஒரு குடும்பத்தையும் ஏற்றவில்லை. ஏன் என்று கேட்டருளும் பொறுமை தேவரீருக்கு உண்டு என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

இவ்வூரின் வானிலையை எவ்வாறு உரைப்பேன்! விடியலில் பானைத் தண்ணீர் பல் கூசுகிறது. போர்வையைவிட்டுக் கையை வெளியே நீட்ட என் வீரர் எவருக்கும் துணிவில்லை. வெயில் ஏறியதும் அதே வீரர் கவசங்களைக் கழற்றி எறிந்துவிட்டு ஒட்டகத்தின் நிழலுக்குச் சண்டையிடுகின்றனர். உச்சிப்பொழுதில் இங்கே நாயும் குரைப்பதில்லை, குரைப்பது வீண் உழைப்பு என்று அதற்கும் தெரிந்திருக்கிறது. தொலைவில் கானல் ஓர் ஏரியைக் காட்டும். வந்த அன்று யான் அதை ஏரியென்றே நம்பிக் குதிரையை விரட்டியதும், ஊர்ப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்ததும் வேறு எவர் வாயிலாகவும் அரண்மனைக்கு எட்டுமுன் யானே சொல்லிவிடுவது மரியாதை.

மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும் சூறைக்காற்றை இவ்வூரார் மாமியார் என்று அழைக்கின்றனர். அதன் பின்னே வரும் மழைக்கு மருமகன் என்று பெயர். மாமியார் வந்து வீட்டைப் புரட்டிப் போடாமல் மருமகன் வருவதில்லையாம். மழைக்கு ஏன் அப்பெயர் என்று சத்திரம் நடத்தும் வேம்பி என்னும் பெண்மணியை வினவினேன். அவன் எப்போதாவதுதான் வருவான் என்றும், வந்தால் ஊரே கொண்டாடும் என்றும், ஆக்கி வைத்ததில் கை நனைக்குமுன் எழுந்து போய்விடுவான் என்றும் அவள் விடை கூறினாள். ஆயினும் அவன் வரும் சிறுபொழுதில் கூரைச்சரிவுகளில் விழும் நீர் முழுதும் வீட்டுக்கடியிலுள்ள நிலவறைக்கு இறங்கிவிடுகிறது. வந்து போனவனை அடுத்த வருகைவரை சிறுகச் சிறுகச் செலவிட்டு வாழ்கின்றனர்.

தேவரீரின் ஆணையை ஊர்மன்றில் யான் படித்தபோது எவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதுவே எனக்கு வருத்தமாயிருந்தது. வேம்பி மட்டும் எழுந்து உள்ளே போய்விட்டாள். மழை பெய்வதுண்டு என்பதை அறிந்திருந்தும் ஏன் அன்றே சொல்லவில்லை என்று ஊர்முதலி வெண்ணாகனைப் பின்னர்க் கேட்டேன். அரசியார் ஏழு ஆறுகளைக் கண்டவர், எங்கள் மழை அவர் கண்ணுக்கு மழையாகத் தோன்றவில்லை போலும், அதைச் சொல்லிக்காட்ட எங்களுக்கு நாணமாயிருந்தது என்று அந்த முரட்டு மீசைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு கூறினார். அக்கையே, ஒரு முழு ஊர் தன் மழை சிறிதென்று வெட்கப்பட்டு வாயடைத்து நின்றதை யான் இதற்குமுன் எங்கும் கண்டதில்லை.

இனி நடந்ததைக் கேட்டருள்க. வண்டிகளில் சாமான் ஏற்றலாமென்று யான் சொல்லவிருந்த காலையில் மாமியார் புறப்பட்டு வந்தாள். மேற்கு வானம் மஞ்சளித்தது. உடனே தெருவெங்கும் மூடு, மூடு என்னும் ஒரே குரல். பானை, குடம், தாழி, பால்சட்டி என்று திறந்து கிடந்த கலங்கள் அனைத்தையும் ஓடி ஓடி மூடினர். கண்ணில் மணல் விழுந்தது. ஒரு தூணைப் பற்றிக்கொண்டு நின்றேன். அப்போது வேம்பி தன் வீட்டு வாயிலில் திறந்திருந்த குடத்தைக் கடந்து மன்றுக்கு ஓடிவந்து, அங்கே கல்மேடைமேல் இருந்த வாயகன்ற செப்புக்கலத்தை ஓலைமூடியால் மூடி, அதன்மேல் கல்லும் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினாள். சற்று நேரத்தில் மருமகன் வந்தான். யான் ஆற்றுநாட்டான், ஆயினும் அம்மழை முகத்தில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். ஊரார் நிலவறை வாய்களைத் திறந்தனர். செப்புக்கலத்தின் மூடிமேல் மழை கொட்டி, வழிந்து, மணலில் போய்ச் சேர்ந்தது.

அச்செப்புக்கலம் தேவரீரின் மழைக்கலம். பூதங்குடையார் கொண்டுவந்து வைத்து, இதில் நிற்கும் நீரே இவ்வூரின் மழை என்று கணக்கெடுக்கும் கலம்.

இவ்வூரில் மாறாத வழக்கம் ஒன்று உண்டு. திறந்து கிடக்கும் கலத்தை எவரும் மூடலாம். கண்டும் மூடாமல் போவது இழிவு. மூடிய கலத்தையோ அதற்கு உடையவர் மட்டுமே திறக்கலாம். பிறர் திறப்பது களவு. மணல் விழுந்தாலும் வெயில் குடித்தாலும் நீர் போய்விடும் நாட்டில் இவ்வழக்கம் இன்றி ஒருவரும் வாழ முடியாது. மழைக்கலத்துக்கு உடையவர் தேவரீர். தேவரீரோ புனல்வாயிலில் இருக்கிறீர்கள். ஆகவே மூவாண்டாக மாமியார் வரும்போதெல்லாம் அதை மூடினர், மருமகன் வரும்போது திறவாமல் காத்தனர். பூதங்குடையார் வரும்போது கலம் மூடியிருப்பதைக் கண்டு, தம் வருகைக்காக ஊரார் செய்த சிறப்பு என்று மகிழ்ந்து, திறந்து பார்த்து, உலர்ந்திருக்கிறது என்று எழுதிப் போயிருக்கிறார். அவர் முதுகு திரும்பியதும் யாராவது ஒருவர் மறுபடியும் மூடியிருக்கிறார்.

இதை ஊரைக் கூட்டிச் சொன்னேன். வெண்ணாகன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வேம்பி அழுதாள். அரசியின் கலம் என்பதால்தானே என் குடத்தையும் விட்டு அதை முதலில் மூடினேன், அந்தக் கையே என் ஊரை வண்டியேற்றுவதா என்று அவள் கேட்டாள். தேவரீர் அவர்களை நேசித்தீர்கள். அவர்களும் தேவரீரை நேசித்தார்கள். இரண்டு நேசமும் சேர்ந்து ஓர் ஊரை அழிக்க இருந்தன.

யான் உடன்பிறந்தவன் ஆகையால் கலத்துக்கு உடையவன் போலவே என்று வாதாடி, மூடியைத் திறந்துவைத்துப் பக்கத்திலேயே அமர்ந்தேன். கோட்டை முற்றுகைகளில் காவல் இருந்தவன் யான். இதுபோல் கடினமான காவல் கண்டதில்லை. போவோர் வருவோர் எல்லாம், வெயிலில் விடப்பட்ட கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல் அக்கலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டனர். முந்தானைக்குள் மூடியை மறைத்து வந்த பெண்கள் பலர். எனக்கு மோர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே மறுகையால் மூடப் பார்த்தவர் ஊர்முதலியே. ஊரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்களுக்குக் கை தானாகப் போகிறது.

பின்னொரு நாள் மாமியார் மறுபடி எழுந்தாள். ஊரார் தம் கலங்களை மூடிவிட்டு மன்றைச் சுற்றி வந்து நின்றனர். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டனர், கலத்தின்பால் கை போய்விடுமோ என்னும் அச்சத்தால். மணல் கலத்தில் விழுந்தது. வேம்பி கண்களை மூடிக்கொண்டாள். அதன்பின் மழை வந்தது. கலத்தில் துளிகள் விழுந்து ஒலித்தன. மழை நின்றபின் அளந்தேன். நான்கு விரற்கிடை நீர். ஆற்றுநாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அதுவே ஊர் பிழைக்கப் போதும் என்று நிலவறைகளுள் இறங்கி என் கண்ணால் கண்டேன். அளந்து முடித்ததும் கலத்தை யாரும் சொல்லாமலே யானே மூடினேன். அதைக் கண்டு ஊரார் ஆரவாரித்ததுபோல் மழையைக் கண்டபோதுகூட ஆரவாரித்ததில்லை.

ஆகவே தென்வெளிப் படைத்தலைவன் என்னும் உரிமையால் யான் இடும் ஆணையாவது: தேவரீரின் மறுமொழி வரும்வரை கானல்வாயில் ஒரு நிலவறையையும் எவரும் தூர்க்கலாகாது, வண்டிகள் வெற்றாகவே வடக்கே திரும்புக, பூதங்குடையாரை யாரும் ஏளனம் செய்யலாகாது, அவரும் இனி மழைக்காலம் முழுதும் இவ்வூரிலேயே தங்கிக் கலத்தைக் காக்கக் கடவர். இதில் பிழையுண்டாயின் அது என் ஒருவனுடையது. என் பதவியைத் தேவரீர் திரும்பக் கொண்டருளலாம். கொண்டாலும் யான் இங்கேயே ஒரு வீடு பார்த்துக்கொள்வேன் என்று அஞ்சுகிறேன்.

இவ்வோலையோடு அச்செப்புக்கலத்தையும், நான்கு விரற்கிடை மழையோடு, ஒட்டகத்தின்மேல் ஏற்றி அனுப்புகிறேன். வீரர்மேல் நம்பிக்கையில்லை என்று சொல்லி வெண்ணாகனும் வேம்பியும் தாமே கூட வருகின்றனர். மூடியைச் சுற்றி ஊர்ப்பெண்கள் நூல் கட்டியிருக்கின்றனர். வழியில் எவரும் திறக்கமாட்டார். உடையவராகிய தேவரீர் தம் திருக்கையால் திறந்து பார்த்தருள வேண்டும்.

இப்படிக்கு, மணலும் மழையும் அறிய, இளவேள் கொற்றங்கோ கைந்நாட்டு. முத்திரை இட்டது.

முத்திரை இட்டபின் ஊரார் வந்து ஒரு விண்ணப்பம் எழுதச் சொன்னதால் இதன்கீழ் எழுதினேன். நிலம் வேண்டும் என்றோ வரி குறைக்க வேண்டும் என்றோ கேட்பார்கள் என்று எண்ணினேன், கேட்கவில்லை. தாங்கள் இங்கே இருப்பதும் போவதும் அரசியார் திருவுள்ளம் என்றும், எதுவாயினும் பார்த்து முடித்தபின் கலத்தை மறவாமல் மூடிவிட வேண்டும் என்றும் சொல்லச் சொன்னார்கள்.