ஜெபத்தாளின் மை

செவ்வாய், இரவு

பக்கத்து வீட்டுத் தெரசா அக்காவின் மகன் ஜோசப்பை இன்று லூனாஸ் ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்தோம். அவன் படம் போட்ட ஜெபத்தாள்களை நான்தான் வீட்டுப் பிரிண்டரில் அடித்துக் கொடுத்தேன். ஒரிஜினல் இங்க் கார்ட்ரிட்ஜ் விலை அதிகம் என்று நான் எப்போதும் வேறு கம்பெனியுடையதுதான் போடுவேன்.

குழியருகே ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோது அக்கா கையிலிருந்த தாளில் இரண்டு சொட்டு விழுந்தது. படத்தில் ஜோசப்பின் நெற்றி நீலமாகக் கரைந்து கண்ணில் இறங்கியது.

“என்னா தம்பி இது?”

“சீப்பான இங்க்லா அக்கா. தண்ணி பட்டா ஓடிரும்.”

அந்த நேரத்தில் அந்த விளக்கம் தேவையா எனக்கு? வேறு தாள் எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதை வாங்கி, கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டார். பிறகு தாளில் சொட்டாதபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் அழுதார்.