அந்த நைட்டி அப்படியே இருக்கட்டும்

அன்பு ஸ்நேகா,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே கண்ணா, அப்பா தூங்கிய பிறகுதான் உட்கார முடிந்தது, போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே இருப்பார். கையால் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், டைப் செய்தால் என் கோபம் சரியாக வராது. நாங்கள் இருவரும் சௌக்கியம். உன் சௌக்கியம் குரலிலேயே தெரிகிறது, சாப்பிட்டாயா என்பதை மட்டும் குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பரோடாவில் குளிர் வந்துவிட்டதா? பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்காதே.

என் பிறந்தநாளுக்கு நீ வரைந்து அனுப்பினாயே, நைட்டியோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்து நான் பூண்டு உரிக்கிற படம், அதைத் தாம்பரத்தில் ஃபிரேம் போடக் கொடுத்தேன். ஸ்கூட்டியில் போனதால் முகத்தில் துப்பட்டா சுற்றியிருந்தேன். கடைக்கார டேனியல் படத்தைப் பார்த்துவிட்டு, எப்பக்கா தவறிட்டாங்க, மாலை போட ஆணி வெச்சிடட்டா, சீரோ வாட்ஸ் பல்பும் சேத்துக் குடுத்துடறேன் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். துப்பட்டாவை அவிழ்த்துக் காட்டினேன். மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு, தப்பா நெனிச்சுக்காதக்கா, ஒத்த ஆளா சிரிக்காம கீறாங்களே, அதான் என்றார். பிறகு ஏழு குதிரை ஓடுகிற படத்தை எடுத்து, ஹாலுக்கு இதாங்க்கா ராசி என்று காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நம் படத்தை வாங்கி வந்து சோபாவுக்கு மேலே மாட்டினேன். அன்றிலிருந்தே அப்பாவுக்கு முகம் சரியில்லை, நைட்டியோடு இருக்கிற படத்தை பெட்ரூமில் வைத்துக்கொள்ளேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய மேனேஜர் சூர்யநாராயணன் சார் வந்தார், என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. தண்ணீர் கேன் வந்தது என்று அப்பா கீழே போயிருந்தார். நான் காபியோடு ஹாலுக்கு வந்தால், சார் படத்துக்கு முன்னால் கைகூப்பிக் கண்ணை மூடி நிற்கிறார். கண்ணைத் திறந்து என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தவர் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சர்க்கரை போதுமா சார் என்று கேட்டேன், வேறென்ன கேட்பது. கிளம்பும்போது யார் வரைந்தது என்று கேட்டார். அப்பா, கடையில் வாங்கினது சார் என்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னும் எல்லோரிடமும் நீ கம்ப்யூட்டர் டிசைன் படிக்கிறாய், முடித்துவிட்டு சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்கு வேலைக்கு வருவாய் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லை சார், என் பெண் வரைந்தது, அவள் பெயிண்டிங்தான் படிக்கிறாள் என்று லிஃப்ட் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். படத்தை உனக்கே பார்சல் அனுப்புவாராம், நைட்டியைப் பட்டுப்புடவையாக்கி, முகத்தில் சிரிப்பு வைத்து, தனியாக இருக்கக் கூடாது என்று பக்கத்தில் அவரையும் உட்காரவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். நாளை சாயங்காலம் போன் செய்வார். நீ ஒத்துக்கொள்ளாதே. எனக்கும் முதலில் வருத்தம்தான், பெற்ற அம்மாவைச் சிரிக்க வைக்கக் கூடாதா, கை ஏன் இவ்வளவு பெரிசு என்று நினைத்தேன். தினமும் எதிரில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான், அதில் இருக்கிறவள் பூண்டையே பார்க்கவில்லை என்று தெரிந்தது. ஒரு முட்டி தரையைவிட்டு எழும்பியிருக்கிறது, ஒரு கை தோளில் போடத் துண்டை இழுக்கிறது. காலிங் பெல் அடித்திருக்கிறது. இருபது வருஷமாக நான் முழுசாக உட்கார்ந்ததே இல்லை ஸ்நேகா, அந்த முட்டியை நீ எப்போது பார்த்தாய்? பட்டுப்புடவை கட்டினால் துண்டு எதற்கு, சிரித்தால் அந்த முட்டி எதற்கு? பட்டுப்புடவையில் நான் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறேன், அது போதும். உயிரோடு இருக்கிறவளைத் தனியாக மாட்டினால் ஆயுசு குறையும் என்கிறார் அப்பா, குறைந்தால் குறையட்டும், அந்தச் சுவரில் இருக்கிறவளை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கழற்றினால் ஆணி அங்கேயேதான் இருக்கும், திரும்ப மாட்டுவேன். அவரையும் வரைய ஆசையாக இருந்தால் தனிப் படமாக வரை, லுங்கியோடு, எதிர்ச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது.

கண் கெட்டுப்போகாமல் வேலை செய், தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி தனியாக ஆட்டோ பிடிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் என்ன சொல்வாய் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
சத்யபிரியா