மெதுவான பிளேடு

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் தலை வார வலது கையைத் தூக்கினேன், காதுக்கு மேல் ஏறவில்லை. இடது கையால் வாரிக்கொண்டு எங்கள் பஞ்சாலைக் கிளப்புக்குப் போனேன். டேபிள் டென்னிஸ் இரட்டையர் பயிற்சியில் நாலு பந்து விட்டேன். ஷாஹினாஸ் திரும்பிப் பார்த்தாள். தூக்கம் சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.

பதினோரு வருஷமாக ஜோடியாக ஆடுகிறவளிடம் எதற்கு இந்தப் பொய்?

அக்டோபர் 7, செவ்வாய்

ஆலையில் அரை நாள் விடுப்பு. தோளில் தசைநார் கிழிந்திருக்கிறதாம். கத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓங்கி அடிப்பதை நிறுத்த வேண்டும். டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். ஓங்கி அடிப்பதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

வண்டிக்காரனிடம் சுட்ட சர்க்கரைவள்ளி வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டு வீடு வந்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கேப்டன் என்று நாங்கள் கூப்பிடும் பயிற்சியாளர் வஹீபிடம் மட்டும் சொன்னேன். என்னைவிட எட்டு வயது சின்னவர், பயிற்சியாளர் ஆனபிறகும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அலமாரியைத் திறந்து மூன்று மட்டைகளை மேசையில் வைத்தார்.

முதலாவது என்னுடையது மாதிரி. ரப்பர் ஒட்டுகிற பலகையான பிளேடு கார்பன் சேர்த்தது, இரண்டு பக்கமும் கெட்டி ஸ்பாஞ்சு வைத்த வேக ரப்பர். இரண்டாவது வெறும் மரம், மெத்தென்ற ரப்பர். மூன்றாவது அகலமான, மெதுவான பிளேடு. முன்கைப் பக்கம் சாதா ரப்பர், புறங்கைப் பக்கம் குட்டிக் குட்டிக் குச்சி முளைத்தாற்போல நீள முள் ரப்பர். மேசையை விட்டுத் தள்ளி நின்று, வருகிற பந்தை வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புகிறவர்களுக்கானது.

"முதல்ல ரெண்டாவத ஆடிப் பாருங்கக்கா. எது நல்ல மட்டைன்னு யோசிக்காதீங்க. உங்க கைக்கு எது வலிக்கலைன்னு பாருங்க."

அக்டோபர் 11, சனி

மூன்றாவதைத் தொடவே மாட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ஒரு வாரம் இரண்டாவதை வைத்து ஆடினேன். பந்து முன்போல் பாயவில்லை. பாயவில்லையே என்று இன்னும் ஓங்கி வீசினேன். வலி கூடியதுதான் மிச்சம். மட்டையை மாற்றலாம், இந்தக் கையை என்ன செய்வது?

வீட்டுக்குக் கிளம்பும்போது மூன்றாவதை எடுத்துப் பத்து நிமிஷம் ஆடினேன். அதில் எவ்வளவு அடித்தாலும் வேகம் வராது. ஐந்தாவது நிமிஷத்தில் கை தானாகவே ஓங்குவதை விட்டுவிட்டது. வலி இல்லை. வலி இல்லாததுதான் அழுகையாக வந்தது.

அக்டோபர் 21, செவ்வாய்

ஷாஹினாஸுக்குத் தெரிந்துவிட்டது. முள் மட்டையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"நீ ஓங்கி அடிச்சுத் தடுமாற வைப்ப, நான் முடிப்பேன். அதானடி நம்ம ஆட்டம்? நீ பின்னாடி போயி வெட்டிக்கிட்டு நின்னா நான் என்ன பண்றது?"

"கை தூக்க முடியலடி."

"எத்தன நாளா?"

"ரமலானுக்கு முன்னாடியிருந்து."

மட்டையை மேசையில் வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

சொன்னால் வேறு ஜோடி தேடிக்கொள்வாய் என்று பயம். அதை எப்படிச் சொல்ல? பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 30, வியாழன்

லீக் ஆட்டங்களுக்கான அணிப் பட்டியல் ஒட்டியாயிற்று. இரட்டையர்: ஷாஹினாஸ், சாயப் பிரிவு ரவ்தா.

நவம்பர் 8, சனி

மூன்றாவது மட்டை மாதிரியே வாங்கிய புது பிளேடுக்கு நானே ரப்பர் ஒட்டினேன். பால்போல இருக்கிற பசை காய்ந்து கண்ணாடியாகும் வரை காத்திருக்க வேண்டும். முன்கைக்குச் சிவப்பு, புறங்கைக்குக் கறுப்பு முள். ஓரம் கத்தரித்தபோது கோணல். இருக்கட்டும்.

நவம்பர் 15, சனி

எல்லாரிடமும் தோற்கிறேன். பந்து எங்கெங்கோ மிதக்கிறது. ஆலையில் எட்டு மணி நேரம் நூலில் முடிச்சுத் தேடிவிட்டு இங்கே வந்து இது. விட்டுவிடலாமா? அசதியாக இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

ஸகாஸீக் ஊர் அணியோடு லீக் ஆட்டம். கேப்டன் என்னைத் தனிநபர் ஆட்டத்தில் இறக்கினார். எதிரே இருபது வயதுப் பெண், இடி மாதிரி அடித்தாள். நான் பின்னாலேயே நின்று வெட்டினேன். ஐந்து செட். கடைசி செட்டில் 11-9, அவளுக்கு. தோற்றேன். ஆனால் அவள் கைகுலுக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஷாஹினாஸ் ஒரு மாதத்துக்குப் பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த ஆட்டம் பன்ஹா அணியோடு, அங்கேயும் ஒரு வெட்டுக்காரி இருக்கிறாளாம், போன வருஷம் தனிநபர் ஆட்டத்தில் இவள் அவளிடம்தான் தோற்றாளாம். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கிழம காலைல வா. எனக்கு அடிச்சுப் பழக ஆள் வேணும்."

டிசம்பர் 5, வெள்ளி

ஒன்பதரை மணிக்கே போய்விட்டோம். நானும் அவளும் மட்டும். அவள் அடிக்க, நான் வெட்ட, ஒரு தடவை பந்து முப்பது முறைக்கு மேல் போய் வந்தது.

முன்பெல்லாம் எதிரெதிரே ஆடினாலும் இரண்டு மூன்று அடியில் பந்து முடிந்துவிடும், நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. இன்று பார்த்தேன். ஓங்கி அடிக்கும்போது ஷாஹினாஸ் கீழுதட்டைப் பிதுக்குகிறாள், கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்து பந்தை விட்டுவிட்டேன்.

"என்னடி?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அடி."