நாலடித் தொட்டிக்கு ஒரு சூரியன்

இயேசு மரி சூசை

ராயபுரம்,
ஆகஸ்ட் 11.

அன்புள்ள டெரிக் அண்ணனுக்கு,

உன் ஒரே தங்கை ஷைனி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், உன் மீன்கள் எல்லோரும் சுகம். பவளங்கள் சுகமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். சாமியாராகப் போகிறவர்கள் தங்குகிற உங்கள் நவதுறவகத்துக்கு வருகிற கடிதத்தை உங்கள் மாஸ்டர் ஃபாதர்தான் முதலில் பிரித்துப் படிப்பார் என்று அம்மா சொல்கிறாள். படிக்கிறவருக்கு என் தோத்திரம். நான் பிளஸ் டூ, இயற்பியல் கொஞ்சம் இழுக்கிறது, செபத்தில் சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு வருடம் போன் கூடாது என்று உன்னை ஏற்காட்டு மலையில் வைத்துக்கொண்டதில் எனக்குத்தான் கை வலிக்கிறது.

விஷயம் இதுதான். போன வாரம் கரண்ட் போய்ப் போய் வந்ததில், தொட்டிக்கு மேலே நீ தொங்கவிட்ட மெட்டல் ஹாலைடு விளக்கு புகைந்துவிட்டது. அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்கிற எலக்ட்ரீசியன் குமாரவேல் அண்ணன் வந்து மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தே, ஆள் போய்ட்டார் என்று அறிவித்துவிட்டார். கடைசி மந்திரம் சொல்லக்கூட நீ பக்கத்தில் இல்லை.

இப்போதைக்குச் சமையல்கட்டு டியூப்லைட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறோம். கை விரல் மாதிரி விரிந்து மூடுமே, அந்தப் பவளம் விரிவதையே நிறுத்திவிட்டது. தோல் பவளம் துவைத்துப் போட்ட சாக்ஸ் போலக் கிடக்கிறது. பவளத்துக்குள் குடியிருக்கிற பாசிதான் வெளிச்சத்தை வைத்து அதற்குச் சமைத்துப் போடுகிறது என்று நீ சொல்லிக்கொடுத்தாய். இப்போது அடுப்பே எரியவில்லை. நாலு தெரு தள்ளி அவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்க, உப்புப் பாக்கெட் வாங்கி வீட்டிலேயே கடல் காய்ச்சுகிற குடும்பம் நாம் ஒன்றுதான். அந்தக் கடல் என் கையில் செத்துப்போனால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் யோசனை.

எனவே கொளத்தூர் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். கடை வைத்திருக்கிறானே உன் தோஸ்து ஃபவாஸ், அவன் என்னைப் பார்த்ததில்லை அல்லவா? ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பறைக்கு ஆறு தொட்டி வைக்கப் போகிறோம், நான் முதலாளியின் மகள் என்று சொன்னேன். கடையில் இருந்த அத்தனை விளக்கையும் போட்டுக் காட்டினான், ரோஸ் மில்க்கும் வந்தது. எல்இடிக்குக் கீழே பவளமெல்லாம் சலூன் கடை போல நீலமாக ஜொலித்தன. குடித்து முடித்த பிறகு டெரிக்கின் தங்கை என்றேன். ரோஸ் மில்க்குக்குக் காசு கேட்டான்.

நீ எந்நேரமும் பிளாஸ்மா விளக்கு, பிளாஸ்மா விளக்கு என்று புலம்புவாயே, அதைப் பற்றியும் கேட்டேன். வடம் இழுக்கிறவர்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போன தேர் அது என்கிறான். மாத்திரை அளவுக் கண்ணாடிக் குமிழ், உள்ளே கம்பி கிடையாது, ரேடியோ அலையில் வாயு கொதித்துச் சூரியன் மாதிரி எரியும், அதெல்லாம் சரிதானாம். ஆனால் கெட்டால் உதிரி கிடைக்காது, வெளிச்சம் பச்சை அடிக்கும், பக்கத்தில் நீல விளக்கு தனியாகப் போட வேண்டும், சரியாக வைக்கத் தெரிந்தவன் வீட்டில் இருக்க வேண்டும். கடைசியாக ஒன்று கேட்டான்.

"தொட்டிய யாரு பாத்துக்கப் போறா? அத்த சொல்லு மொதல்ல, நான் லைட்ட சொல்றேன்."

பேரம்கூடப் பேசாமல் ரோஸ் மில்க் காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். எனக்கே இது புது அனுபவம்.

வீட்டுக்கு வந்தால் குமாரவேல் அண்ணன் வேறு செய்தி வைத்திருக்கிறார். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஒரு காலத்தில் பிளாஸ்மா விளக்குதான் போட்டிருந்தார்களாம். இப்போது எல்லாம் மாற்றியாயிற்று. பெட்டி பிரிக்காத ஒன்று மூலையில் கிடக்கிறது, சும்மா மாதிரித்தான் விலை, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார். அம்மா கேட்டதும், அவன் ஆசைப்பட்டது தானாகத் தேடி வருகிறது என்று சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா எல்இடி போதும் என்று சொல்லிவிட்டு பேப்பருக்குள் போய்விட்டார். நீ என்ன சொல்கிறாய் என்று உடனே எழுது. மாஸ்டர் ஃபாதருக்கு மீன் தொட்டியில் அபிப்பிராயம் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புத் தங்கை,
ஷைனி.


ராயபுரம்,
செப்டம்பர் 2.

அன்புள்ள அண்ணனுக்கு,

ஷைனிதான். உன் கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் மூன்றேமுக்கால் பக்கம் பிளாஸ்மா, மீதி கால் பக்கம் நீ. முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதே, இரண்டடி உயரத்தில் தொங்கவிடு, வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு என்று படம் எல்லாம் வரைந்திருந்தாய். நல்ல கடிதம். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் இன்னும் நல்ல கடிதம்.

அம்மா உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் குமாரவேல் அண்ணன் விளக்கைக் கொண்டுவந்து மாட்டினார். துறைமுகத்தில் கிரேனை வைத்து நாற்பது டன் பெட்டியைப் பொட்டு வைக்கிற மாதிரி இறக்குகிற நம் அப்பா, இதைத் தூக்கிப் பிடிக்கும்போது இரண்டு தடவை சுவரில் இடித்தார். புது சாமான் என்றால் அம்மா மந்திரிக்காமல் விடுவாளா? பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். சுவிட்சைப் போட்டதும், அண்ணா, பொய் சொல்லக் கூடாது, நீ சொன்னது உண்மைதான். மணலில் வெயில் கோடு கோடாக ஆடியது. காசிமேட்டில் காலையில் தண்ணீர் தெளிவாக இருந்தால் கரையோரம் தெரியுமே, அதேதான். விளக்கின் ஃபேன்தான் கப்பல் இன்ஜின் போல இரைந்தது.

பிறகு விளக்குக்கு முன்னால் செபமாலை, மாதா மன்றாட்டு மாலை, பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காபி. மந்திரித்த விளக்கை அன்றைக்கே அணைக்கக் கூடாது என்று அம்மா ஒரு சட்டம் போட்டாள். அது எந்த விவிலியத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு என் வாய் நீளம் பற்றிப் பேசினாள். விடிய விடிய முழு வேகத்தில் எரிந்தது. இத்தனை நாள் டியூப்லைட்டில் கிடந்த ஜீவன்களுக்குத் திடீரென்று சித்திரை வெயில். காலையில் தோல் பவளத்தின் ஓரமெல்லாம் வெளுத்துக் கிடந்தது. விரல் பவளம் கரைந்து போய்விட்டது. தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது அதைத்தான் வலையில் அள்ளிக்கொண்டிருந்தேன். அம்மாவைத் திட்டாதே. அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார். அம்மா மட்டும் கூடாதென்று நின்றாள். ஏன் என்று நான் விடாமல் நச்சரித்ததில் சொல்லிவிட்டாள்.

"இது கெட்டா வேற எவனுக்கும் பாக்கத் தெரியாதுடி. அவன்தான வந்தாவணும்."

உன் கடிதத்தை அவள் எத்தனை தடவை படித்தாள் என்று எண்ணவில்லை. விளக்கைப் பற்றி எழுதிய இடத்தில் உன் எழுத்து சாய்ந்து ஓடுகிறது. குளிர், சாப்பாடு, செபம் எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதிய இடத்தில் டீச்சருக்குப் பயந்து எழுதிய காப்பி நோட்டு மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. அதை நானும் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். கிரேனில் ஏறினால் கீழே இருப்பவர்களோடு கைச்சாடையில் பேசிப் பழகிய மனிதர், வாய் திறந்தால் நாம் நிமிர்ந்து உட்கார வேண்டும் இல்லையா.

"அவன் வரமாட்டான்னு வச்சிக்கினு வாங்கு, ஐரீன். வந்தான்னா விளக்குக்கு வரக் கூடாது."

அம்மா எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் குமாரவேல் அண்ணன் பிளாஸ்மாவைக் கழற்றி யார்டுக்கே எடுத்துப் போனார். நான் கொளத்தூருக்குப் போய், தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் போவது நான்தான் என்று ஃபவாஸிடம் சொன்னேன். வேஷம் எதுவும் போடவில்லை, அவனுக்கே ஏமாற்றம். கெட்டால் அவனே சரி செய்து தருகிற எல்இடி ஒன்றைக் கொடுத்தான். இப்போது கால்வாசி வெளிச்சத்தில் ஓடுகிறது. உன் படத்தைப் பார்த்துத்தான் வாரத்துக்குக் கொஞ்சம் ஏற்றுகிறேன், ஆகவே நீ எழுதியது வீணாகவில்லை. வெயில் கோடு இல்லை. சலூன் நீலம்தான். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள். நேற்று தோல் பவளத்தின் நடுவில் மறுபடி பழுப்பு நிறம் ஏறியிருக்கிறது என்று அவள்தான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாள்.

ஆகவே அண்ணா, தொட்டி இனி என் பொறுப்பு. மே மாதம் நீ துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிற நாளுக்கு லீவு கேட்கப் போவதாக அப்பா சொல்லிவிட்டார். நீ கொடுத்தால் மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்போம், அங்கியில் உன்னைப் பார்த்து நான் சிரிக்காமல் இருக்க முயற்சி செய்வேன். கொடுக்க மனசில்லை என்றால் மே வரை இழுக்காதே. சென்ட்ரலில் இறங்கி 28 நம்பர் பஸ்ஸைப் பிடித்து நேராக வா. காரணம் கேட்க மாட்டோம். அம்மா கேட்பாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். படிக்கிற ஃபாதர் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களிடமிருந்து அண்ணனைப் பிடுங்க நான் எழுதவில்லை. அவன் எங்கே இருந்தாலும் சாய்ந்த எழுத்தில் எழுத வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

மழை தொடங்கினால் அங்கே குளிர் இன்னும் ஏறுமாம். பனியன் போட்டுக்கொள்.

பெரியவர்களுக்கு எழுதினால் ஆசீர்வாதம் கேட்டு முடிக்க வேண்டும் என்பார்கள். நீ இன்னும் ஃபாதர் ஆகவில்லை. ஆகிறவரை அண்ணனாகவே தலையில் ஒரு குட்டு வைத்து ஆசீர்வதி.

உன் குட்டுக்குக் காத்திருக்கும்,
ஷைனி.