ஒரு முகத்துக்கு ஒரு பெயர்

பதிவு 1 | 01:40
தலைமையகத்துக்கு. இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும். பிள்ளை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். நான் சுடர்க்கொடி, குறுங்கோள் சுரங்கத்தில் காற்றுப் பிரிவு. கணவர் இசக்கிராஜுக்கு விண்படகுத்துறையில் வேலை.
கொள்ளையர் தாக்கிய பிறகு, குடியிருப்புக்கும் படகுத்துறைக்கும் நடுவிலுள்ள கதவில் உங்கள் ஆட்கள் துப்பாக்கி பூட்டினார்கள். அது முகத்தைப் பார்க்கும், பெயரைத் தேடும், கிடைத்தால் திறக்கும். நேற்று திரும்பி வந்த கொள்ளையர் இருவரைத் துண்டாக்கிவிட்டது.
காற்றழுத்தம் சரி.

பதிவு 2 | 02:25
சரியில்லை. கொள்ளையர் வெடிவைத்த சுவரில் போட்ட ஒட்டு பிய்ந்துவிட்டது. எல்லோரும் படகுக்கு ஓடினோம். அல்போன்சாக்கா முதல் ஆள். வானொலியில் அவள் சிரிப்பு: "தள்ளுங்கடே, புதுப்பொண்ணுக்கு வழி விடுங்க!"
கதவு சுட்டது. அவள் முகம் என் சட்டையில் கிடந்தது. பிள்ளையின் துணியிலும்.
போன மாதம்தான் கல்யாணம். அப்பாவின் இனிஷியலை எடுத்துவிட்டுப் புருஷன் இனிஷியல் போட்டாள். ச. அல்போன்சா, டே. அல்போன்சா. பழைய பதிவை யாரும் நீக்கவில்லை. நான் சோம்பலில் இனிஷியலை மாற்றவே இல்லை. அதனால்தான் உயிரோடிருக்கிறேன்.
கணக்குப் படித்தவள் நான். சார்பு என்றால் மதிப்பகத்தில், அதாவது உள்ளே கொடுக்கும் பட்டியலில், உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விடை. ஒரு முகத்துக்கு இரண்டு பெயர் வந்தால் அது சார்பே இல்லை. இந்தக் கதவுக்கு அந்த முகம் திருடன். கதவின் துணை மதிப்பகத்தில், வரக்கூடிய விடைகளாக, திற, நில், சுடு என்று மூன்று எழுதி வைத்திருக்கிறார்கள். வீச்சகத்தில், உண்மையில் வரும் விடைகளில், இரண்டுதான். 'நில்' என்ற விடை எந்த முகத்துக்கும் வராது.
ஒற்றைப் பெயர்க்காரர்கள் கடந்துவிட்டார்கள். பிள்ளைக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. அவள் மதிப்பகத்திலேயே இல்லை, தூக்கிக்கொண்டு போனால் சுடும். பெயருக்காக நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டே இருந்தோம்.
'இ. அலர்' என்று பதியச் சொல்லி, முகப்படத்தோடு உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பதிவு 3 | 03:10
என் கணவர் படகுத்துறைப் பக்கத்திலிருந்து துப்பாக்கியை அறுக்கப் போனார். முழங்கையோடு கை போய்விட்டது. வானொலியில் பேசினார்:
"ஏட்டி சுடரு, அழாத. இன்னொரு கை இருக்குல்லா."
அவருக்குப் பின்னால் யாரோ அலறினார்கள். அவர் கைக்குக் கட்டுப் போடுகிறார்கள் போல.
"புள்ளை பேரை நானே பதியச் சொல்லி அனுப்பிட்டேன். மகிழ்னு. படம் வச்சி. நீ வேணா வந்து திட்டு."
அதற்கப்புறம் இரைச்சல் மட்டும்.

பதிவு 4 | 03:
வானொலியில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். காது அடைக்கிறது. பிள்ளையின் உதடு நீலமாக
தலைமையகத்துக்கு. இரண்டையும் பதிந்துவிடாதீர்கள். ஒரே முகம். அலர் வேண்டாம், மகிழ் என்றே இருக்கட்டும். என் மனுவைக் கிழித்துப் போடுங்கள். முன்னமே பதிந்திருந்தால் ஒன்றை நீக்குங்கள்.
அவளைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு முன்னால், மூலையில் நிற்கிறேன். துப்பாக்கி இந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டடி வைத்தால் திரும்பும். உங்கள் பதில் வராமல் அந்த இரண்டடியை வைக்க முடியாது, வைக்காமலும்
அவள் முகத்துக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.