11.10 முதல் 11.30 வரை

மார்ச் 3, திங்கள்

எங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் புது உத்தரவு. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் தினமும் மணிவாரியாக அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் பார்ப்பார்களாம். சரிப்படாவிட்டால் எல்லோரும் ஆபீசுக்கு. எனக்குப் போக வரவே நான்கு மணி நேரம். மகள் மூன்று மணிக்குப் பள்ளி விட்டு வந்து நிற்பாள். ஆபீஸ் என்றால் வேலையை விட வேண்டியதுதான்.

மார்ச் 4

என்ன புத்தியோ, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட்டேன். ‘11.10 முதல் 11.30 வரை: எதிர்வீட்டுக்காரர் சோபாவை மாடிக்கு ஏற்றுவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். சோபா ஏறவில்லை.’ அன்று முடித்த இழப்பீட்டு மனுக்கள் பதினாறு.

அனுப்பியதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன். சிரிப்பும் வருகிறது.

மார்ச் 5

டீம் லீடர் போன் செய்தார். நேரத்தைத் தவிர வேறெதுவும் கேட்காததால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கடிகாரம்.

“என்னம்மா, இப்படியா எழுதுவாங்க?”

“நடந்ததைத்தான சார் கேட்டீங்க?”

போனை வைத்துவிட்டார்.

திட்டுவார் என்று பயந்துகொண்டே கணவரிடம் சொன்னேன். அந்த மனுஷனுக்கு சோபா கடைசியில் ஏறியதா என்பதுதான் கவலை.

மார்ச் 10

மற்றவர்கள் எட்டு மணி நேரமும் வேலை செய்ததாகவே நிரப்பி எழுதுகிறார்களாம். நானும் ஒரு நாளை அப்படி எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டேன். அதில் இருந்தது நானில்லை, வேறு யாரோ.

மார்ச் 14

வீடியோ மீட்டிங். இயக்குநரம்மா என் அறிக்கையை எல்லோர் முன்னாலும் வாசித்தார், சோபா உட்பட. ஐயோ, அப்படியே நாற்காலிக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாமான்னு இருந்துச்சு. பிறகு கணக்கைச் சொன்னார். எட்டு மணி நேரமும் உழைத்ததாக எழுதியவர்கள் நாளுக்குச் சராசரியாக ஒன்பது மனு. நான் பதினாறு.

“எனக்கு மணி வேண்டாம். மனு முடிஞ்சா போதும்.”

வீட்டிலிருந்தே தொடரலாம்!

கேமராவை அணைத்துவிட்டுக் கூடத்தில் ஆடினேன், பாடினேன். மைக்கை அணைக்கவில்லை என்பது பாட்டு முடிந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று மணிக்கு வந்த மகளையும் தூக்கிச் சுற்றினேன். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மார்ச் 24

கடிகாரம் கூப்பிட்டார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அவருக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது. ஆனால் குரலில் சுரத்தே இல்லை.

“ஆபீஸ்ல சரின்னுட்டாங்கம்மா. வீட்டுல எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல.”