காலி ரேக்குகள் நடுவே ஒரு பேஸ் கிட்டார்

என் செல்ல சேவியர் அண்ணா,

நீ இருக்கிற இடத்தில் எதிரொலி உண்டா? இருந்தால் இந்நேரம் ஆம்ப் ஒலிபெருக்கியை நகர்த்தி வைக்கச் சொல்லி யாரையாவது பாடாய்ப் படுத்தியிருப்பாய். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நம் பீங்கான் பட்டறையில் கூடுகிறோம். தகரக் கூரை இடுக்கில் விழும் வெயிலில் வெள்ளை மண் தூசு மிதக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் பாதிப் பொழுது போய்விடுகிறது.

உன் பேஸ் கிட்டார் இப்போது என் கையில். சிரிக்காதே. துபாயை விட்டு வந்து மொபைல் கடை போட்டிருக்கும் சாதிக் பாய் வழக்கம்போல டிரம்ஸ். உன் மனைவி ரீட்டா அண்ணி கிட்டாரை எடுத்துவிட்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவர் பாடாமல், துக்கத்தைப் பாடுகிற நம் ப்ளூஸ் பேண்டு எதற்கு, சொல்லு? அதைவிட, நீ கண்ணை மூடியதிலிருந்து அண்ணி வீட்டில்கூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உன் சத்தம் அப்படியே வந்தால் அண்ணி பாடிவிடுவார் என்று நினைத்தேன். ஆம்பில் நீ திருகி வைத்த இடத்திலேயே எல்லாக் குமிழ்களும் இருந்தன. பழைய கம்பியையும் மாற்றவில்லை. ஒரு நாள் அது சரியாக வந்தேவிட்டது. அடியில் கனத்து, நீளமாக இழுத்துக்கொண்டு போகிற உன் சத்தம்.

அண்ணி கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். "வேணாம் லில்லி. அவரு பின்னால நிக்கிற மாதிரியே இருக்குது. என்னால முடியல."

போன வாரம் ஓர் அவசர ஆர்டர். எப்போதும் திங்களன்று சூளைக்குப் போகும் பொம்மைகளைச் சனிக்கிழமையே ஏற்றிவிட்டார்கள். நாம் எந்த நாளும் காலிப் பட்டறையில் வாசித்ததில்லை, இல்லையா? நீ திருகியதெல்லாம் ரேக்கு நிறைய ஈரப் பொம்மைகள் கனத்துக்கொண்டு நிற்கும்போதுதான். அந்த ஞாயிறு பேஸின் முதல் அடி விழுந்ததும் காலி ரேக்குத் தகடுகள் எல்லாம் கடகடவென்று ஆடின.

பாய் குச்சியை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார். "சேவியரு, கோவமா இருந்தா நேரா சொல்லுடா. எதுக்கு ரேக்க ஆட்டுற?"

அண்ணி சிரித்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

வேறு வழியில்லை அண்ணா. அடிச்சத்தத்தைக் குறைத்தேன். நடுச்சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். அப்படியும் தகடு அடங்கவில்லை. பொம்மையில் அச்சு விட்டுப்போகும் கோட்டைத் துடைக்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, கம்பிகள் முடியும் இடத்தில் அடியில் செருகினேன். இழுவை போய்விட்டது. ஒவ்வொரு அடியும் 'தும்' என்று விழுந்து அங்கேயே நின்றது. உன் சத்தத்தை நானே அழித்துவிட்டேனே, அண்ணா. கோபமா உனக்கு?

ஆனால் அடிக்கும் அடிக்கும் நடுவே ஓர் இடம் கிடைத்தது. நீ வாசிக்கும்போது அப்படி ஓர் இடமே இருந்ததில்லை. கொஞ்ச நேரம் சும்மா சுற்றிச் சுற்றி வாசித்தோம். கண்ணை மூடிக்கொண்டேன். எங்கேயோ தூரத்தில் கேட்கிற மாதிரி அண்ணியின் குரல் வந்தது. பெண்ணாடம் போகிற பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறவளைப் பற்றி நீ கட்டிய அதே பாட்டு.

முன்பு மாதிரி இல்லை. குரல் இறங்கி, கரகரத்து, ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பாடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது வரியில் உடைந்து நின்றுவிட்டார். நான் பதறி வாசிப்பை நிறுத்தப் போனேன். அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டே, "நிறுத்தாத லில்லி. நீ வாசி. நான் வரேன்," என்றார்.

வந்தார், அண்ணா.

வரும் சனிக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் வாசிக்கிறோம். அங்கே என்ன சத்தம் சரிப்படும் என்று போய்த்தான் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். அண்ணி பாட்டின் நடுவில் எங்கே நின்றாலும், எவ்வளவு நேரம் நின்றாலும், அவர் திரும்பி வந்து சேரும்வரை அதே சுற்றை வாசித்துக்கொண்டே இருப்பேன்.

உன் தங்கச்சி, ரீட்டாவின் நாத்தனார்,
லில்லி